சைடு மிரர் ஃபுல் செட், 88 வெள்ளி: பாடிக்கு பாஸ், கண்ணாடிக்கு ஃபெயில்

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். காரோட இடது பக்க சைடு மிரர், ஃபுல் செட், ஒரிஜினல் இல்ல, வேற கம்பெனி அடிச்ச ஆஃப்டர்மார்க்கெட், ஆன்லைன்ல ஒரு செல்லர்கிட்ட வாங்கினது, டெலிவரி ஜிஎஸ்டி எல்லாம் சேத்து 88 வெள்ளி. பாடி நல்லாருக்கு, மோட்டார் பரவால்ல, சிக்னல் லைட் ஓகே, கண்ணாடி மட்டும் சுத்த மோசம். அதனால உங்க பழைய மிரர்ல கண்ணாடி உடையாம இருந்தா தாராளமா வாங்குங்க, கண்ணாடியும் சேந்து போயிருந்தா கொஞ்சம் யோசிச்சு வாங்குங்க. ஏன்னு கீழ சொல்றேன், நீளமாத்தான் போகும், ஒரு தே ஓ (பால் இல்லாத டீ) கலக்கிட்டு வந்து உக்காருங்க.

எதுக்கு ஆன்லைன்ல வாங்கி கையால மாட்டணும், வொர்க்ஷாப்ல குடுத்தா முடிஞ்சுதேன்னு கேப்பீங்க. என் வண்டி 2014ல ரெஜிஸ்டர் ஆன ஜப்பான் செடான். 2024ல சிஓஇய, அதாவது சிங்கப்பூர்ல வண்டி வச்சுக்கறதுக்கான அனுமதிய, 5 வருஷத்துக்குப் புதுப்பிச்சேன். 5 வருஷ சிஓஇ எடுத்தா அதுக்கு மேல நீட்டிக்க முடியாது, 2029 வந்தா நேரா ஸ்கிராப்புக்குத்தான். சாகப்போற வண்டிக்கு தங்கத்துல கம்மல் வாங்கிப் போட எனக்கு மனசு வரல, அவ்வளவுதான். மல்டிஸ்டோரி கார்பார்க்ல நிறுத்தியிருந்தப்ப எந்தப் புண்ணியவானோ இடிச்சுட்டு ஒரு துண்டு சீட்டு கூட வைக்காம போயிட்டான், மிரர் மடங்கற எடத்துல இருக்கற கழுத்து ஒடிஞ்சு வயர்ல தொங்குது, ஆனா கண்ணாடில ஒரு கீறல் கிடையாது. இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

இன்சூரன்ஸ் க்ளெய்ம் போடலாமேன்னா, என்சிடி (க்ளெய்ம் போடாம இருக்கறதுக்கு ப்ரீமியத்துல குடுக்கற தள்ளுபடி) 50 சதவீதத்துல இருக்கறவங்க ஒரு க்ளெய்ம் போட்டா 20க்கு எறங்கிடும், எக்ஸஸ்னு நம்ம பங்கு ஒரு தொகை வேற கையில இருந்து கட்டணும், ஒரு மிரருக்காக அதெல்லாம் கட்டுப்படியே ஆகாது. க்ளெய்ம் போடாட்டியும் 24 மணி நேரத்துக்குள்ள, இல்லாட்டி அடுத்த வேலை நாளுக்குள்ள இன்சூரன்ஸ்ல ரிப்போர்ட் மட்டும் பண்ணிடுங்க, சின்ன இடிதானேன்னு விட்டா பின்னாடி தலைவலி.

வண்டி கம்பெனி ஏஜெண்ட் பக்கம் கேட்டா புது ஒரிஜினல் செட் பெயிண்ட், கூலி எல்லாம் சேத்து 500ஐ தாண்டுது. சின் மிங்ல ஒரு வொர்க்ஷாப் அங்கிள் கையில பிடிச்சு ஆட்டிப் பாத்துட்டு, "பாஸ், திஸ் ஒன் கேனாட் க்ளூ, ஹோல் செட் சேஞ்ச் லா"ன்னாரு, செகண்ட்ஹேண்ட் ஒரிஜினல் எடுத்து மாட்டித் தர 220 வெள்ளி. நியாயமான ரேட்டுதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். கையில ஸ்பேனர் பிடிக்கப் பிடிக்காதவங்க அப்படியே அவர மாதிரி ஆள்கிட்ட குடுத்துடுங்க, இதுக்கு மேல படிக்கக்கூட வேணாம்.

சரி, ஆர்டர் போடறப்ப கவனிக்க வேண்டியது. இங்கதான் நெறைய பேர் கோட்டை விடறாங்க, ரிவ்யூ பகுதில ஒரு ஸ்டார் குடுத்துட்டு "நாட் ஃபிட்டிங்"னு எழுதியிருக்கறதுல பாதி பேர் வயர் முனைல இருக்கற கனெக்டர்ல எத்தனை பின்னுன்னு பாக்காம வாங்கினவங்கதான். கண்ணாடியை மேல கீழ, இட வலம் அசைக்கறதுக்கு மூணு வயர், அதாவது மூணு பின். மிரர்ல சிக்னல் லைட் இருந்தா இன்னும் ரெண்டு, அப்ப அஞ்சு. பட்டன் அமுக்கினா தானா மடங்கற டைப்பா இருந்தா மேல ரெண்டு, மொத்தம் ஏழு. ஹீட்டர் வச்சதுக்கு ஒன்பது, அதை விடுங்க, இந்த வெயில்ல எவனுக்கு ஹீட்டர் வேணும். பெரும்பாலான ஜப்பான் வண்டிக்கு இந்தக் கணக்கு சரியா வரும், ஆனா ஒரே மாடலுக்கே அஞ்சு பின் செட்டும் ஏழு பின் செட்டும் லிஸ்டிங்ல பக்கத்துல பக்கத்துல கெடக்கும், படத்துல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே மூஞ்சியோட இருக்கும், விலை மட்டும் 15 வெள்ளி வித்தியாசம். பழைய மிரரோட கனெக்டரைக் கழட்டி ஃபோட்டோ எடுத்து செல்லருக்கு சாட்ல அனுப்பி, இதேதானான்னு கேட்டு, அவன் ஆமான்னு எழுத்துல சொன்னதுக்கப்புறம் காசு கட்டுங்க. நான் அப்படித்தான் செஞ்சேன், செல்லர் ராத்திரி பதினோரு மணிக்கு பதில் போட்டான், அதுக்கு ஒரு சபாஷ்.

ரெண்டாவது விஷயம் ஸ்டியரிங் எந்தப் பக்கம்ங்கறது. இதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம், சீனாவுல இடது பக்கம். ஒரே மாடல் வண்டி ரெண்டு எடத்துலயும் ஓடும், மிரரும் வெளில இருந்து பாத்தா ஒண்ணாத்தான் தெரியும். ஆனா அங்க இடது பக்க மிரர்ங்கறது டிரைவர் பக்கத்துல கிட்ட இருக்கற மிரர், இங்க அதே இடது பக்க மிரரை நாம வலது சீட்ல உக்காந்து குறுக்கப் பாக்கறோம், அதனால கண்ணாடி திரும்பி இருக்க வேண்டிய கோணமே வேற. அங்க ஓடற வண்டிக்கான செட்டை வாங்கி மாட்டினா போல்ட்டெல்லாம் கூட உக்காந்துடும், ஆனா மோட்டார எவ்வளவு திருப்பினாலும் பின்னாடி ரோடு பாதிதான் தெரியும். லிஸ்டிங்ல ஆர்எச்டின்னு, அதாவது வலது பக்க ஸ்டியரிங்னு, போட்டிருக்கான்னு பாருங்க, போடலைன்னா கேளுங்க.

கலர் விஷயத்துல என் யோசனை, பெயிண்ட் அடிக்காத கறுப்பு செட்டையே வாங்குங்க. கலர் கோட் உங்க டோர் தூண்ல, இல்லாட்டி பானெட்டுக்குள்ள ஒட்டியிருக்கற பிளேட்ல இருக்கும், டொயோட்டால 040ன்னா சூப்பர் வைட், 1எஃப்7ன்னா சில்வர், இந்த மாதிரி. கோட் குடுத்தா 25 வெள்ளி கூட வாங்கிக்கிட்டு செல்லரே அடிச்சுத் தர்றான். வெள்ளை வண்டிக்கு அது ஒத்து வரலாம். என்னுது சில்வர், மெட்டாலிக் பெயிண்ட்ல இருக்கற அந்த மினுமினுப்புத் துகள் எப்படிப் படுத்திருக்கோ அதைப் பொறுத்து வெயில்ல ஒரு மாதிரியும் நிழல்ல ஒரு மாதிரியும் தெரியும், அதுலயும் இத்தனை வருஷம் வெயில் குடிச்ச டோருக்குப் பக்கத்துல புதுசா அடிச்ச சில்வர் வந்தா ஒட்டுப் போட்டது பளிச்சுன்னு தெரியும். பழைய மிரரோட பின்பக்க மூடி வெடிக்காம இருந்தா அதைக் கழட்டி புதுசுல மாட்டிக்கலாம், உள்பக்கம் நாலஞ்சு க்ளிப்தான், காசும் மிச்சம், கலரும் மேட்ச்.

பெட்டி வந்துச்சு. பபிள் ராப் தாராளமா சுத்தியிருந்தான், அடி எதுவும் படல. மாட்டற முறைன்னு ஒரு காகிதம் கூட உள்ள இல்ல. கையில எடுத்தா எடை ஒரிஜினலை விட கொஞ்சம் லேசு, ஆனா மடங்கற கழுத்து கெட்டியா இருக்கு, கையால மடக்கினா நடுவுல தொங்காம ரெண்டு பக்கமும் டக்குனு போய் நிக்குது. போல்ட் மூணும் நேரா இருக்கு. பிளாஸ்டிக் வாடைதான் ரெண்டு மூணு நாளைக்கு வண்டிக்குள்ளயே அடிக்கும் போல இருந்துச்சு. டோரோட ஒட்டற எடத்துல இருக்கற ஃபோம் பேக்கிங் மட்டும் ரொம்பச் சன்னம், அதுக்கு பின்னாடி வர்றேன்.

எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி வீடு) கார்பார்க்ல வச்சு ரிப்பேர் வேலை பாக்கக் கூடாதுங்கறதால சிராங்கூன் கார்டன் பக்கம் டெரஸ் வீட்ல இருக்கற மச்சான்கிட்ட போர்ச்சைக் கேட்டேன். "அதுக்கென்ன மாப்ள, தாராளமா வாங்க, ஆனா எண்ணெய் கிண்ணெய் டைல்ஸ்ல சிந்துச்சுன்னா உங்க தங்கச்சிகிட்ட நீங்களே பதில் சொல்லிக்கோங்க"ன்னாரு. மிரர் மாத்தறதுல ஏதுய்யா எண்ணெய்.

வேலை என்னன்னா, டோர் உள்பக்கம், ஜன்னல் கண்ணாடி ஓரத்துல ஒரு முக்கோண பிளாஸ்டிக் மூடி இருக்கும். பிளாஸ்டிக் நெம்புகோல் வச்சு மெதுவா நெம்பினா வந்துடும், ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்பினா பள்ளம் விழும், அது ஆயுசுக்கும் கண்ணை உறுத்தும். சில வண்டில அந்த மூடியை எடுத்ததுமே கனெக்டரும் தெரியும், அஞ்சு நிமிஷ வேலை. என் வண்டில வயர் டோருக்குள்ள கீழ வரைக்கும் போகுது, அதனால டோர் பேனலையே இறக்க வேண்டியதாப் போச்சு. கைப்பிடிக்குப் பின்னாடி ஒரு ஸ்க்ரூ, கை வைக்கற எடத்துல ஒரு ஸ்க்ரூ, ரெண்டும் சின்ன மூடி போட்டு மறைச்சிருக்கும். அதுக்கப்புறம் சுத்தி க்ளிப். பத்து வருஷத்துக்கு மேல ஆன வண்டில அந்த க்ளிப்புல ஒண்ணு ரெண்டு உடையாம வராது, ஒரு பாக்கெட் க்ளிப் முன்கூட்டியே வாங்கி வச்சுக்கிட்டா நடுவுல கடைக்கு ஓட வேண்டியதில்ல. பேனலை எடுத்தா உள்ள ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு கறுப்பு பசை வச்சு ஒட்டியிருக்கும், அதைக் கிழிச்சுடாதீங்க, டோருக்குள்ள எறங்கற மழைத் தண்ணி சீட்டுப் பக்கம் வராம தடுக்கறது அதுதான். எனக்கு வேண்டிய அளவுக்கு மேல் ஓரத்துல மட்டும் உரிச்சுட்டு திரும்பி அமுக்கி விட்டேன், பசை இன்னும் உயிரோடதான் இருக்கு. இக்னிஷன் ஆஃப்ல இருக்கட்டும், டோர் கனெக்டர் எதையாவது கழட்டி வச்சுட்டு சாவியைப் போட்டா சில வண்டில ஏர்பேக் லைட் எரிஞ்சு அதை அணைக்கறதுக்குத் தனியா அலையணும்.

மிரரைப் பிடிச்சிருக்கறது மூணே நட்டு, 10 எம்எம். கழட்டறதுக்கு முன்னாடி கீழ இருக்கற ஓட்டைல ஒரு பழைய துணிய அடைச்சுடுங்க, நட்டு நழுவி டோருக்குள்ள விழுந்துச்சுன்னா வண்டி திரும்பறப்பெல்லாம் கலகலன்னு அது பாட்டுக்கு பாடிக்கிட்டே வரும். கடைசி நட்டு கழட்டறப்ப வெளில ஒருத்தர் மிரரைப் பிடிச்சுக்கணும், மச்சானுக்கு அந்த வேலையைத்தான் குடுத்தேன், ஒரு கையில மிரர், ஒரு கையில ஃபோன், கேம் ஸ்கோர் பாத்துக்கிட்டு நின்னாரு. புதுசை மாட்டறப்ப ஒரு போல்ட் ஓட்டைக்கு லேசா விலகி நின்னுச்சு, கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு அழுத்தினா உள்ள போயிடுது, பெரிய குறை இல்ல. முறுக்கறப்ப பலத்தைக் காட்டாதீங்க, இந்த ஆஃப்டர்மார்க்கெட் செட்ல போல்ட் உக்காந்திருக்கற அடிப்பகுதி எவ்வளவு தாங்கும்னு தெரியாது. நட்டு மூணையும் முதல்ல கையால ஓட்டி, அப்புறம் மாத்தி மாத்தி இறுக்கினா போதும். பேனலை மூடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சொருகி சிக்னல், மடக்கறது, கண்ணாடி அசையறது மூணையும் டெஸ்ட் பண்ணேன், எல்லாம் வேலை செஞ்சுச்சு. மடங்கறப்ப மோட்டார் சத்தம் வலது பக்க ஒரிஜினலை விட அதிகம், அது 'ஸ்ஸ்'னு மடங்கும், இது 'கிர்ர்'னு மடங்குது, காது கேக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

அந்த ஃபோம் பேக்கிங்கு. புதுசுல வந்தது காகிதம் மாதிரி இருந்துச்சு, அதை வச்சு மூடினா எக்ஸ்பிரஸ்வேல காத்து விசில் அடிக்கும்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. பழைய மிரர்ல இருந்ததை நகத்தால மெதுவா உரிச்சு எடுத்தா முழுசா வந்துச்சு, அதையே புதுசுக்குப் போட்டேன். செல்லர் இந்த ஒரு துண்டு ஃபோமை ஒழுங்கா போட்டிருந்தா அவனுக்கு என்ன நஷ்டம், 50 காசு ஆகுமா?

இப்ப கண்ணாடிக்கு வர்றேன், இந்த ரிவ்யூவே இதுக்காகத்தான் எழுதறேன். நம்ம வண்டில சைடு கண்ணாடி தட்டையா இருக்காது, லேசா வெளிப் பக்கம் வளைஞ்சிருக்கும், அதனாலதான் அதிக அகலம் தெரியுது, பின்னாடி வர்ற வண்டியும் நெசத்தை விட சின்னதாத் தெரியுது. எவ்வளவு வளைவுங்கறதுதான் கணக்கு. என் பழைய கண்ணாடி ஓரத்துல எஸ்ஆர்1400ன்னு பொடி எழுத்துல போட்டிருக்கு, வளைவோட ஆரம் 1400 மில்லிமீட்டர்னு அர்த்தம். நம்பர் குறைஞ்சா வளைவு அதிகம், பாக்கற பொருள் இன்னும் சின்னதாகும். உங்க ரெண்டு கண்ணும் மூளையும் இத்தனை வருஷமா அந்த ஒரு வளைவுக்குப் பழகிப் போயிருக்கு, பின்னாடி வர்ற பஸ் இந்த சைஸ்ல தெரிஞ்சா லேன் மாறலாம், இந்த சைஸ்ல தெரிஞ்சா மாறக் கூடாதுன்னு யோசிக்காமலே முடிவெடுக்கறோம். புது கண்ணாடில நம்பரே கிடையாது, இ மார்க்குன்னு போடற தரச் சான்று முத்திரையும் கிடையாது, மொட்டையா இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சு எதிர் வீட்டு கேட்டைப் பாத்தா புதுசுல கேட்டு கண்ணுக்குத் தெரியற அளவுக்கு சின்னதா இருக்கு. வெளி ஓரத்துல கேட்டு கம்பி நேரா இல்லாம அலை அலையா நெளியுது.

சரி பழகிடும்னு அதோடயே கொஞ்ச நாள் ஓட்டிப் பாத்தேன். பழகல. பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல இடது லேனுக்கு மாறறப்ப தூரத்துல இருக்கற மாதிரி தெரிஞ்ச லாரி, தலையைத் திருப்பிப் பாத்தா பக்கத்துலயே நிக்குது. தலையைத் திருப்பிப் பாக்கற பழக்கம் இருக்கறதால ஒண்ணும் ஆகல, எல்லாருக்கும் அந்தப் பழக்கம் இருக்குன்னு சொல்ல முடியாதே. இந்த ஊர்ல மோட்டார்பைக் ரெண்டு லேனுக்கு நடுவுல எந்தப் பக்கம் இருந்து வேணா வருவான், காலைல உட்லண்ட்ஸ் பக்கம் பிகேஇல ஓட்டறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ராத்திரில இன்னும் மோசம், பின்னாடி வர்ற பஸ்ஸோட ஹெட்லைட் ஒண்ணுக்குப் பக்கத்துல மங்கலா இன்னொண்ணு, நிழல் மாதிரி தெரியுது. கண்ணாடியோட முன் பரப்பும் பின்னாடி பூச்சும் தனித்தனியா வெளிச்சத்தைத் திருப்பறதுதான் காரணம், ஒரிஜினல்லயும் அது துளி இருக்கும், ஆனா கண்ணுக்குப் படாது. இதுல நல்லாவே படுது. 88 வெள்ளில இவனுங்க எங்க கை வச்சிருக்காங்கன்னு அப்பதான் புரிஞ்சுச்சு.

அதனால கண்ணாடியை மட்டும் மாத்திட்டேன், பழசைக் கழட்டி புது பாடில போட்டாச்சு. இது மாட்டறதை விட சுலபம், ஆனா பயமா இருக்கும். கண்ணாடி மேல குறுக்கும் நெடுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கோங்க, உடைஞ்சாலும் சிதறாது. கையில தடிச்ச க்ளவுஸ். கண்ணாடியோட மேல் விளிம்பு உள்ள போயி கீழ் விளிம்பு வெளில வர்ற மாதிரி அசைச்சு வச்சுட்டு, கீழ் இடுக்குல நாலு விரலை விட்டு, கண்ணாடியை மட்டும் இல்லாம அதுக்குப் பின்னாடி இருக்கற பிளாஸ்டிக் தட்டையும் சேத்துப் பிடிச்சு, உங்க பக்கமா இழுக்கணும். டக் டக்குனு ரெண்டு மூணு சத்தம் வரும், உடைஞ்சுபோச்சுன்னு நெஞ்சு ஒரு நிமிஷம் நின்னுடும், உடையல, க்ளிப் விடற சத்தம்தான் அது. குளிர் ஊர்ல இருக்கறவங்க ஹேர் டிரையர் வச்சு சூடு காட்டச் சொல்றாங்க, நமக்கு எதுக்கு, மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல அரை மணி நேரம் வண்டிய நிறுத்தினா பிளாஸ்டிக் தானா இளகி நிக்குது. பழைய தட்டு புது மோட்டார்ல உக்காருமான்னுதான் சந்தேகமா இருந்துச்சு, ஒரிஜினலைப் பாத்து அச்சு அசலா அடிச்சிருக்கான் போல, நடு உருண்டை சரியா வந்து பொருந்துச்சு. மோட்டாரை முதல்ல நடு நிலைக்குக் கொண்டு வந்துட்டு, கண்ணாடியோட நடுவுல உள்ளங்கையை வச்சு அமுக்குங்க, ஓரத்துல அமுக்கினா விரிசல் விட்டுடும். ஒருவேளை உங்க வண்டிக்குப் பொருந்தலைன்னா உள்ள மோட்டாரும் சில ஸ்க்ரூதான், அதையும் சேத்து மாத்திடலாம்.

பழைய கண்ணாடி, பழைய மூடி, பழைய ஃபோம், புது பாடி, புது கழுத்து, புது சிக்னல். இந்தக் கலவைல இப்ப வண்டி ஜம்முனு இருக்கு. 90ல போனாலும் கண்ணாடி நடுங்கல, மலிவு செட்ல பெரும்பாலும் அடி வாங்கற எடம் அது, இதுல தப்பிச்சிருக்கு. டிசம்பர் மழை கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு, சிக்னல் லைட்டுக்குள்ள தண்ணியோ ஆவியோ படியல, டோருக்குள்ளயும் ஈரம் இல்ல. 10 வருஷம் தாண்டின வண்டிங்கறதால வருஷா வருஷம் இன்ஸ்பெக்ஷன், அங்கயும் மிரரைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேக்கல. மடங்கற சத்தம் மட்டும் அப்படியே இருக்கு, கூட ஏறிப் போறவங்க கேட்டா ஸ்போர்ட்ஸ் மாடல்னு சொல்லிடறேன்.

மார்க் போடணும்னா பாடிக்கு 5க்கு 4, மோட்டாருக்கு 3, கண்ணாடிக்கு 1. பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை லைட்டு, 360 கேமரா இதெல்லாம் மிரர்ல இருக்கற புது வண்டிக்காரங்க இந்தப் பக்கமே வராதீங்க, கேமரா இருந்தா மாட்டினதுக்கப்புறம் கேலிபரேஷன் பண்ணி கோணத்தைச் சரி பண்ணணும், அது போர்ச்ல உக்காந்து பண்ற வேலை இல்ல. பழைய கண்ணாடி உடைஞ்சு போனவங்க பாடியை இங்க வாங்கிக்கிட்டு, கண்ணாடியை மட்டும் ஒரிஜினலா ஸ்பேர் பார்ட்ஸ் கடைல தனியா கேளுங்க, தட்டோட சேத்துக் குடுப்பாங்க, ஃபுல் செட் விலைல அது ஒரு பங்குதான் வரும்.

செல்லர்கிட்ட கண்ணாடி ஓரம் நெளியுதுன்னு வீடியோ எடுத்து அனுப்பினேன், வாதாடாம 10 வெள்ளி திருப்பிக் குடுத்துட்டான். இப்ப அதே லிஸ்டிங் 94 வெள்ளி காட்டுது, அவசரம் இல்லாதவங்க அடுத்த டபுள் டேட் சேல் (11.11, 12.12 மாதிரி தேதில வர்ற தள்ளுபடி) வரைக்கும் கார்ட்ல போட்டு வைங்க.